டி.எல்.டி பட்ஜும் ‘கதிர்வீச்சு’ இரத்தப் பரிசோதனையும்: வன்னி எக்ஸ்ரே அறைக்கு எது உதவும்?

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் வைத்தியசாலைகளின் எக்ஸ்ரே அறைகளில் வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு என்று இரண்டு விடயங்களைச் சொல்வார்கள். ஒன்று, பட்ட கதிரைக் கணக்கிட மார்பில் குத்தும் டி.எல்.டி பட்ஜ். மற்றது வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் எஃப்.பி.சி, அதாவது இரத்தக் கலங்களை எண்ணும் பரிசோதனை. பட்ஜை ஒழுங்காகக் குத்தினால் அதை நம்பலாம். எஃப்.பி.சியும் நல்ல பரிசோதனைதான், ஆனால் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அதனால் சொல்லமுடியாது. எந்த ஆய்வுகூடமாவது அதற்குக் ‘கதிர்வீச்சுப் பரிசோதனை’ என்று பெயர் வைத்துக் கூடக் காசு கேட்டால் கொடுக்கவேண்டியதில்லை.

முதலில் பட்ஜ். இலங்கையில் இந்தச் சேவையைக் கொழும்பு ஒருகொடவத்தையில் உள்ள இலங்கை அணுசக்திச் சபை வழங்குகிறது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருப்பது சிறிய லிதியம் புளோரைட் பளிங்கு. பட்ட கதிரின் சக்தியை அது பிடித்து வைத்திருக்கும். ஆய்வுகூடத்தில் சூடாக்கினால் அந்தச் சக்தி ஒளியாக வெளிவரும், ஒளியின் அளவுதான் உங்கள் கணக்கு. ஒருமுறை வாசித்தால் அந்தப் பதிவு அழிந்துவிடும். ‘இன்னொருமுறை பாருங்கோ’ என்று திருப்பி அனுப்பிப் பலனில்லை.

பிழை விடுவது பெரும்பாலும் நாங்கள்தான். கூட்டின் முன்பக்கத்தில் உள்ள வடிகட்டிகள் கதிர் எவ்வளவு ஊடுருவும் தன்மையுடையது என்று பிரித்துக் காட்டும். அதற்கு முன்னால் பேனையோ நாணயமோ தொங்கினால் கணக்குக் குறையும், பின்பக்கம் திரும்பியிருந்தால் குழம்பும். ஈய ஏப்ரன் போட்டால் பட்ஜ் அதற்கு உள்ளே, மார்பளவில் இருக்கவேண்டும். சத்திரசிகிச்சை அறையில் சி-ஆர்ம் (சிகிச்சை நடக்கும்போதே படம் காட்டும் எக்ஸ்ரே கருவி) பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு, கண்ணுக்கும் கழுத்துக்கும் படுவதை அறிய, ஏப்ரனுக்கு வெளியே கொலரில் இரண்டாவது பட்ஜ் தேவை. உங்களுக்கே எக்ஸ்ரே எடுக்கும் நாளில் பட்ஜைக் கழற்றி வைத்துவிடுங்கள், அது வேலைக்கணக்கு அல்ல.

அடுத்தது எங்கள் வெயில். சாதாரண அறையில் லிதியம் புளோரைட் மாதக்கணக்காகப் பதிவை வைத்திருக்கும். மத்தியானம் முழுதும் வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டால், சூட்டில் ஒரு பகுதி கசிந்துவிடும். சட்டையோடு சலவைக்குப் போன பட்ஜும் அப்படித்தான்.

எல்லாவற்றையும்விட மோசமானது ‘கொன்ட்ரோல்’ பட்ஜ் விவகாரம். அதை ஒருவரும் குத்துவதில்லை. பூமியிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக வரும் கதிரைக் கழிப்பதற்காக வருவது. அதன் உலக சராசரி வருடத்துக்கு ஏறத்தாழ 0.9 மில்லிசீவேர்ட் (கதிரளவின் அலகு), மூன்று மாதத்துக்கு ஏறத்தாழ 0.2. அதையும் எக்ஸ்ரே அறை லாச்சிக்குள்ளேயே போட்டுவைத்தால், அதில் ஏறிய அறைக்கதிர் எல்லாருடைய கணக்கிலும் கழிபடும். ரிப்போட் அழகாகத்தான் வரும், ஆனால் பொய். கொன்ட்ரோல் இருக்கவேண்டிய இடம் அலுவலக மேசை.

இந்தப் பட்ஜ் அலறாது. மாதங்கள் கழித்துத்தான் கடிதம் வரும். சர்வதேசப் பரிந்துரைப்படி தொழிலாளர் வரம்பு 5 வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவேர்ட், எந்த ஒரு வருடத்திலும் 50 தாண்டக்கூடாது. சாதாரண எக்ஸ்ரே அறையில் வருடம் 1 கூட வராது. ஆனால் சி-ஆர்ம் பக்கத்தில் நிற்கிறவருக்கு வருடம் முழுக்கப் பூச்சியமே வந்தால் சந்தோசப்படாமல், பட்ஜ் எங்கே தொங்கியது என்று கேளுங்கள்.

ரிப்போட்டின் பிரதியை ஒவ்வொருவரும் தனியாக வைத்திருக்கவேண்டும். இடமாற்றம் வந்தால் மனிதர் போவார், கோப்பு பழைய இடத்திலேயே கிடக்கும். இரத்தத்துக்கு வரும் ஆபத்து சேர்ந்துகொண்டே போகும் மொத்தக் கணக்கைப் பொறுத்தது. ஹிரோசிமா, நாகசாகியில் தப்பியவர்களில் இரத்தப் புற்றுநோய் குண்டு விழுந்து இரண்டு மூன்று வருடங்களில் கூடத் தொடங்கி, ஆறிலிருந்து எட்டு வருடங்களில் உச்சிக்குப் போனது. 2000 வரை பார்த்ததில், கதிர்பட்ட குழுவில் நடந்த 204 இரத்தப் புற்றுநோய் மரணங்களில் 94 கதிரால் வந்தவை என்று கணித்தார்கள். நாகசாகியில் எம்.டி.எஸ் (எலும்பு மச்சை இரத்தக் கலங்களைச் சரியாக உருவாக்காத நோய்) 40 வருடங்களுக்குப் பிறகும் கதிரளவுக்கேற்பக் கூடுதலாகத் தெரிந்தது. குறைந்த அளவு நீண்டகாலம் பட்டவர்களைப் பற்றி, பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா மூன்றிலும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட அணுத்துறைத் தொழிலாளர்களை ஆராய்ந்து 2015இல் வந்த முடிவு: மொத்தம் 100 மில்லிகிறே (எக்ஸ்ரேயில் 100 மில்லிசீவேர்ட்டுக்குச் சமம்) சேர்ந்தால் இரத்தப் புற்றுநோய் மரண ஆபத்து ஏறத்தாழ 30 வீதம் கூடும். அரிய நோய் என்பதால் 30 வீதம் கூடினாலும் ஆளெண்ணிக்கை சிறியதுதான்.

இனி எஃப்.பி.சி. கதிரால் வெள்ளணுக்கள் விழுவது தெரிய, ஏறத்தாழ அரைக் கிறே, அதாவது 500 மில்லிசீவேர்ட், ஒரேயடியாகப் படவேண்டும். அது 25 வருட வரம்பை ஒரே நாளில் வாங்குவதற்குச் சமம். மாரியில் பிளேட்லெட் குறைந்தால் முதலில் டெங்குவை நினையுங்கள். ஹீமோகுளோபின் குறைவுக்கு இரும்புச்சத்துக் குறைவு, தலசீமியா, வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. வேலையில் சேரமுன் ஒரு எஃப்.பி.சி எடுத்துவைத்து, பிறகு வருவதை அதோடு ஒப்பிடுவதே அதன் பயன்.

மாதிரியும் கவனம். ஊதா மூடிக் குழாயில் கோடுவரை இரத்தம் விட்டு, குலுக்காமல் 8 முதல் 10 தடவை கவிழ்த்து நிமிர்த்தவேண்டும். ஒட்டுசுட்டானில் காலை எடுத்து, பஸ்ஸில் வெக்கையோடு பின்னேரம் டவுனுக்கு வந்தால் செங்குருதிக் கலங்கள் ஊதி, அவற்றின் சராசரிப் பருமனான எம்.சி.வி கூடுதலாகக் காட்டும். எம்.டி.எஸ் சந்தேகத்தில் முதலில் பார்ப்பதே அந்த எண்தான். அதனால் எடுத்த இடத்திலேயே, இரண்டு மணித்தியாலத்துக்குள் கண்ணாடித் துண்டில் பூசிக் காயவைத்து அனுப்பச் சொல்லுங்கள். பிளேட்லெட் திரண்டு குறைவாகக் காட்டினால் சிற்றேற் குழாயில் (வேறு உறையாமருந்து உள்ள குழாய்) மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்கவேண்டும்.

எம்.சி.வி 100க்கு மேல் நின்று, பி12, ஃபோலேற், தைரொயிட், ஈரல் எல்லாம் சரியாக இருந்து, மதுவும் இல்லாமல், ஒன்றுக்கு மேற்பட்ட கலவகை மாதக்கணக்காகக் குறைந்திருந்தால் குருதியியல் நிபுணரிடம் போகவேண்டும். மச்சைப் பரிசோதனையை அவர் முடிவுசெய்வார்.

உண்மையில் இந்த இரத்தப் பரிசோதனை கூடுதலாகத் தேவைப்படுவது எக்ஸ்ரே அறைக்காரருக்கு அல்ல. மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ கதிர்ச்சிகிச்சையும் மருந்தும் ஏற்றி ஊர் திரும்பியவர்களுக்குத்தான். சிகிச்சையால் வரும் எம்.டி.எஸ் பெரும்பாலும் 5 முதல் 10 வருடத்தில் தலைகாட்டும், கிளினிக்குக்குப் போவது நின்றுபோகிற காலமும் அதுதான். எந்த இடத்துக்கு எத்தனை கிறே, என்ன மருந்து என்று கிளினிக் கொப்பியில் எழுதித்தரக் கேளுங்கள்.

இணையத்தில் வாங்கும், கதிரைத் துடிப்புகளாக எண்ணும் மலிவுக் கைகர் மீற்றரைப் பட்ஜுக்குப் பதிலாக நினைக்கவேண்டாம். எக்ஸ்ரே மில்லிசெக்கனில் முடிந்துவிடும், ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு குழாய் கொஞ்சநேரம் குருடாகிவிடும். கதிர் மிகக் கூடுதலாக வருகிற நேரத்தில்தான் அது குறைத்துக் காட்டும்.