கால்பந்து காந்தப் பலகை: மூன்று மாதம் காய் நகர்த்திப் பார்த்ததில்

ஏ4 அளவு, நடுவில் மடிக்கலாம், ஒரு பக்கம் முழு மைதானம், மறுபக்கம் பாதி மைதானம், சிவப்பில் 11 காய், நீலத்தில் 11, பந்துக்கு ஒன்று, ஒரு மார்க்கர் பேனா. விலை 650 ரூபாய். பயிற்சியாளர்களுக்கு என்றுதான் விற்கிறார்கள், ஆனால் மேட்ச் முடிந்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஃபார்மேஷன் (யாரை எங்கே நிறுத்துவது) பற்றிச் சண்டை போடுகிற எங்களைப் போன்றவர்களுக்கும் இது தேவைதான்.

டிவியில் 4-3-3 (பின்னால் 4, நடுவில் 3, முன்னால் 3) என்று ஒரு படம் போடுவார்கள், பந்து உருள ஆரம்பித்ததும் அது கலைந்துவிடும். ஸ்ட்ரைக்கர் (முன்னணியில் நடுவே ஆடுபவர்) என்றால் கோல் அடித்தாரா இல்லையா என்று மட்டும் கேட்பவர்களிடம் பேசிப் பேசி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போது காயை நகர்த்திக் காட்டிவிடுகிறேன்.

2009 மே 2, ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானமான பெர்னபேவில் பார்சிலோனா 6-2 என்று அவர்களை அடித்த ஆட்டத்தைத்தான் முதலில் வைத்துப் பார்த்தேன். பார்சிலோனாவின் ஸ்ட்ரைக்கர் எட்டோவை வலப்பக்கம் தள்ளி, மெஸ்ஸியை நடுவில் போட்டு, அங்கிருந்து கொஞ்சம் கீழே இறக்கினால் மாட்ரிட்டின் சென்டர் பேக்குகள் (நடுவே நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள்) கன்னவாரோவும் மெட்செல்டரும் யாரைப் பிடிப்பார்கள்? பின்னாலேயே போனால் அவர்கள் முதுகுப்பக்கம் காலி, இடப்பக்கத்திலிருந்து ஆன்ரி பாய்ந்துவிடுவார். நின்ற இடத்திலேயே நின்றால் நடுக்கள ஆட்டக்காரர்கள் சாவி, இனியெஸ்டாவோடு மெஸ்ஸியும் சேர்ந்து நடுவில் ஆள் கூடிவிடும். இப்படிக் கீழே இறங்கி ஆடும் ஸ்ட்ரைக்கரை ஃபால்ஸ் நைன் என்பார்கள்; அது பற்றி வருஷக்கணக்காகப் படித்திருக்கிறேன், ஆனாலும் அந்த ஒரு காயை இரண்டு விரற்கடை கீழே இழுத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பலகையின் பெரிய குறையும் அங்கேதான் தெரிந்தது. காய்கள் இந்த அளவுக்கு ரொம்பப் பெரிசு. நடுவில் ஐந்தாறு பேர் சேர்ந்தால் ஒரு காந்தம் இன்னொன்றைத் தள்ளிவிடுகிறது, நவீன கால்பந்தே அந்த நெரிசலில்தான் நடக்கிறது என்பதால் இதைச் சின்னக் குறை என்று விட முடியவில்லை.

பாதி மைதானப் பக்கம் அருமை. 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா 1-2 என்று சவுதி அரேபியாவிடம் தோற்ற ஆட்டத்தை அதில் வைத்துப் பாருங்கள். சவுதியின் தடுப்பு வரிசை அவ்வளவு மேலே ஏறி நின்றது, அர்ஜென்டினாவின் ஸ்ட்ரைக்கர் லவுதாரோ மார்டினெஸ் அதன் பின்னால் ஓடி ஓடி ஆஃப்சைடில் (பந்து வரும்முன்பே தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்பது) மாட்டினார், வலைக்குள் போட்ட இரண்டு பந்தும் கோலாகவில்லை. போலந்துக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்திலிருந்து அந்த இடத்தில் ஹூலியன் ஆல்வரெஸ். 4 கோல் அடித்தார், சரி, ஆனால் எனக்கு அவர் என்றால் ஆஸ்திரேலிய கோல்கீப்பரைச் சக வீரர் டி பால் விரட்ட, பாய்ந்து வந்து பந்தைப் பிடுங்கினாரே, அந்த ஓட்டம்தான். மெஸ்ஸி மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள்ள முடிந்ததே ஆல்வரெஸ் இப்படி ஓடியதால்தான்.

அப்புறம் பிரான்ஸின் ஸ்ட்ரைக்கர் ஜிரூ. 2018 உலகக் கோப்பையில் 7 ஆட்டத்திலும் இறங்கி ஒரு கோல்கூட அடிக்கவில்லை, பிரான்ஸ் கோப்பையைத் தூக்கியது. என் தம்பி இதை எப்போதும் கேலி செய்வான். ஜிரூ காயை இரண்டு சென்டர் பேக்குகளுக்கு நடுவே நட்டுவைத்து, எம்பாப்பேயையும் கிரீஸ்மனையும் சுற்றி ஓட்டிக் காட்டினேன், "அண்ணா, அந்த ரெண்டு பேரும் அவரை விட்டு நகரவே முடியாதுல்ல" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கே 650 ரூபாய் தகும்.

மார்க்கர் பேனா சுமார். கோடு போட்டு ராத்திரி முழுக்க விட்டால் காலையில் ஈரத்துணியால் தேய்த்தாலும் பச்சையில் கறை நிற்கிறது, அதனால் உடனே துடைத்துவிடுங்கள். எனக்கு வந்த பெட்டியில் நீலக் காய் ஒன்று குறைவு, விற்றவருக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை, ஒரு சட்டைப் பொத்தானின் அடியில் காந்தம் ஒட்டிச் சமாளிக்கிறேன். வாங்குவதாக இருந்தால் ஏ3 அளவு கிடைக்கிறதா என்று பாருங்கள், காய் இதே அளவாக இருந்தால் நடுக்களத்தில் மூச்சுவிட இடம் இருக்கும்.