ஷட்டவுன் லேட்டா ஆகுதா? கிளீனர் வாங்குறதுக்கு முன்னாடி ஈவென்ட் வியூவர தொறந்து பாருங்க

ஷட்டவுன் குடுத்துட்டு போய் பல்லு வெளக்கிட்டு வந்து பாத்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்கும், இதுதான் நாலு மாசமா என் கம்ப்யூட்டர் நெலம. போன்ல டைமர் வச்சு பாத்தேன், ரெண்டு நிமிஷத்துக்கு மேல. பொறுக்க முடியாம பவர் பட்டன அமுக்கிப் புடிச்சு அணைச்சிக்கிட்டு இருந்தேன், அது தப்புங்க, டிஸ்க்ல எழுதிட்டு இருக்கும்போது கரண்ட்ட நிறுத்தினா ஃபைல் கெட்டுப் போக வாய்ப்பு இருக்கு, யாரும் அப்படி செய்யாதீங்க.

மொதல்ல காசு குடுத்து ஒரு டியூனப் சாஃப்ட்வேர் வாங்கினேன், கிளீனர்னும் சொல்வாங்க, பேரு வேணாம். ஸ்கேன் ஓட்டி நூத்துக்கணக்குல பிரச்சனைன்னு செவப்பு எழுத்துல காட்டுச்சு, எல்லாம் சரி பண்ணியாச்சுன்னும் சொல்லுச்சு. அன்னைக்கு ராத்திரி டைமர் வச்சா நாலரை நிமிஷம்! அது செய்யுற மாதிரி டெம்ப் ஃபைல, அதாவது தற்காலிகமா சேர்ற ஃபைல, அழிக்கிறதுக்கும் ஷட்டவுனுக்கும் பெருசா சம்பந்தமே இல்ல. அணைக்கச் சொன்னதும் விண்டோஸ் மொதல்ல தொறந்திருக்கிற ஆப்ஸ மூடச் சொல்லும், அப்புறம் பின்னாடி ஓடுற சர்வீஸ எல்லாம் நிறுத்தச் சொல்லும், அதுல ஏதாவது ஒண்ணு பதில் சொல்லாம உக்காந்தாலும் மொத்த கம்ப்யூட்டரும் அதுக்காக காத்திருக்கும். அந்த ஒண்ணு எதுன்னு தெரியணும், அவ்ளோதான் விஷயம். காசு வாங்கின சாஃப்ட்வேர் அத ஒரு எடத்துலயும் சொல்லல.

சொன்னது விண்டோஸ் கூடவே வர்ற ஈவென்ட் வியூவர், கம்ப்யூட்டர்ல என்னென்ன நடந்துச்சுன்னு விண்டோஸ் குறிச்சு வைக்கிறத காட்டுற புரோகிராம். கண்டுபிடிக்கத்தான் கஷ்டம், அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், அதுக்குள்ள மைக்ரோசாஃப்ட், அதுக்குள்ள விண்டோஸ், அதுக்குள்ள டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ், அதுக்குள்ள ஆப்பரேஷனல்னு ஒவ்வொண்ணா தொறந்துக்கிட்டே போகணும். உள்ள போயிட்டா தங்கம். 200ன்னு நம்பர் போட்ட ஈவென்ட் ஷட்டவுனுக்கு எவ்ளோ நேரம் ஆச்சுன்னு மில்லி செகண்ட்ல சொல்லும், 201 வந்தா லேட் பண்ணது ஒரு ஆப், 202ன்னா டிவைஸ், 203ன்னா சர்வீஸ், பேரோட போட்டிருக்கும். எனக்கு வரிசையா 203, எல்லாத்துலயும் ஒரே பேரு, எப்பவோ தூக்கிப் போட்ட பழைய பிரிண்டரோட சர்வீஸ். பிரிண்டர் போயிடுச்சு, அதோட சாஃப்ட்வேர் போகல.

ஆனா ஒரு சர்வீஸ் அடம் புடிச்சா விண்டோஸ் 10ல 5 செகண்ட் பாத்துட்டு மூடிடணுமே, எனக்கு ஏன் ரெண்டு நிமிஷம்? விண்டோஸ் தன்னோட செட்டிங்ஸ சேத்து வைக்கிற ரெஜிஸ்ட்ரில வெயிட் டு கில் சர்வீஸ் டைமவுட்ங்கிற இடத்துல 5000 இருக்க வேண்டியதுக்கு 120000 இருந்துச்சு, எல்லாம் மில்லி செகண்ட் கணக்கு. சில சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகும்போதே இத ஏத்தி வச்சிடும். ரெஜிஸ்ட்ரிய பேக்கப் எடுத்துட்டு 5000 ஆக்கினேன். இத 1000, 500ன்னு எறக்கச் சொல்றாங்க பல பேரு, வேணாங்க, டேட்டாபேஸ் மாதிரி சர்வீஸ் கடைசியா எழுதி முடிக்க நேரம் வேணும், பாதில வெட்டினா நஷ்டம் நமக்குத்தான்.

பிரிண்டர் சாஃப்ட்வேர எடுத்தாச்சு, அப்பவும் ரெண்டரை நிமிஷம் பாக்கி. ஸ்க்ரீன் அப்படியே நிக்குது, ஹார்ட் டிஸ்க் லைட் மட்டும் விடாம மின்னிக்கிட்டே இருக்கு. அத பாத்ததும்தான் பேஜ்ஃபைல், அதாவது ரேம் பத்தாதப்போ விண்டோஸ் டிஸ்க்ல பயன்படுத்துற ஃபைல், ஞாபகம் வந்துச்சு. கிளியர் பேஜ்ஃபைல் அட் ஷட்டவுன்னு ஒரு செட்டிங், அது 1ல இருந்தா ஒவ்வொரு தடவ அணைக்கும்போதும் பேஜ்ஃபைல் முழுக்க பூஜ்ஜியமா எழுதிட்டுத்தான் அணையும். என்னோடது 15 ஜிபி, பழைய ஹார்ட் டிஸ்க் செகண்டுக்கு 100 எம்பி எழுதுதுன்னு வச்சாலும் 150 செகண்ட், கணக்கு அப்படியே வந்துடுச்சு. ரகசியம் காக்கவேண்டிய ஆபீஸ் மெஷினுக்கு இது தேவைப்படலாம், வீட்டு கம்ப்யூட்டருக்கு எதுக்கு? பிரைவசி பாதுகாப்புன்னு டிக் போட்டு இத ஆன் பண்ணி வச்சது அந்த டியூனப் சாஃப்ட்வேரேதான்.

இன்னொரு சின்ன டெஸ்ட், ஷிஃப்ட் கீய அமுக்கிக்கிட்டே ஷட்டவுன் குடுத்துப் பாருங்க, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (அடுத்த தடவ சீக்கிரம் ஆன் ஆக விண்டோஸ் தன் நெலமைய டிஸ்க்ல சேமிச்சு வைக்கிற வசதி) இல்லாம முழுசா அணையும். அப்படி அணைச்சா மட்டும் சீக்கிரம் முடியுதுன்னா ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் பக்கம் தேடணும். எனக்கு ரெண்டுலயும் ஒரே நேரம்தான் வந்துச்சு.

ஈவென்ட் வியூவருக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார், அந்த ஒரு ஸ்டார் இவ்ளோ உள்ள ஒளிச்சு வச்சதுக்காக கொறச்சேன். டியூனப்புக்கு ஒண்ணு கூட குடுக்க மனசு வரல, அத அன்இன்ஸ்டால் பண்ண அப்புறமும் அந்த பேஜ்ஃபைல் செட்டிங் 1லயே இருந்துச்சு, நானேதான் போய் 0 ஆக்கினேன். இப்ப 14 செகண்ட்ல அணையுது.