டீசல் ஹீட்டர்: சூடு சரி, அந்த ‘டக்’ சத்தம்?

நண்பர் ஒருவர் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். “அண்ணா, குளிர்காலத்துல படகுலயே தூங்கணும்னா டீசல் ஹீட்டர் போட்டே ஆகணுமா?” என்று கேட்டிருந்தார். அவர் நேரம், என் ஹீட்டரைக் கழற்றிக் கரி சுரண்டிக் கொடுத்ததற்கான பில்லும் அன்றைக்குத்தான் வந்தது. அந்தக் கடுப்பையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

என் படகு வெஸ்டர்லி சென்டார் வகை, 26 அடி, எழுபதுகளில் கட்டியது. இங்கிலாந்தின் தெற்குக் கரையில், சோலன்ட் நீரிணைப் பக்கம் நிற்கிறது. ஹீட்டர் 2 கிலோவாட், சூடான காற்றைக் குழாய் வழியாக ஊதும் வகை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் இங்கே கடல் நீர் 7, 8 டிகிரிதான். தண்ணீருக்குள் இருக்கும் ஃபைபர் சுவரும் கிட்டத்தட்ட அதே குளிரில் இருக்கும். ராத்திரி முழுக்க நாம் விடும் மூச்சு அதில் பட்டு வியர்த்து வழிந்து, காலையில் மெத்தையின் அடிப்பக்கம் சொதசொதவென்று இருக்கும். கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்ந்தால் இன்னும் மோசம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாகக் கேபினுக்குள்ளேயே சேரும். கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. டீசல் ஹீட்டரில் தீ தனியே மூடிய கூட்டுக்குள் எரிகிறது. புகை வெளியே போய்விடும். நமக்கு வருவது காய்ந்த சூடு. போட்ட கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம், நனைந்த சாக்ஸ் காய்கிறது. முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்குக் கால் லிட்டர் டீசல்தான். இதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் அந்த பம்ப்.

விரல் நீளத்தில் ஓர் உலோக உருளை. உள்ளே மின்காந்தம் ஒரு குட்டி பிஸ்டனைத் தள்ளும். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு துளி டீசல், ஒவ்வொரு துளிக்கும் ஒரு ‘டக்’. சூட்டைக் கூட்டினால் டக்டக்டக். குறைத்தால் டக்... டக்... இந்த மெதுவான ‘டக்’தான் உயிரை எடுக்கிறது, அடுத்தது எப்போது என்று காது காத்துக்கிடக்கிறது. பல்லியாக இருந்தாலாவது விளக்கைப் போட்டு விரட்டலாம்.

ரப்பர் வளையத்தில் தொங்கவிட்டேன். டீசல் குழாய் சுவரைத் தொடும் இடத்திலெல்லாம் பஞ்சு வைத்தேன். சத்தம் பாதியானது, நிற்கவில்லை. பம்பைத் தள்ளி வைக்கலாம் என்றால், அது டீசல் டேங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். 26 அடிப் படகில் டேங்குக்குப் பக்கம் என்றால் என் தலைமாட்டுக்கும் பக்கம்தான். மெரினாவில், அதாவது படகுகளை வரிசையாகக் கட்டி வைக்கும் துறையில், இருந்தால் மற்ற சத்தங்களில் இது அமுங்கிப்போகும். ஐல் ஆஃப் வைட் தீவில், நியூட்டவுன் க்ரீக் என்ற உப்பங்கழியில் நங்கூரம் போட்டால், சைபீரியாவிலிருந்து வந்த பிரென்ட் வாத்துகள்கூட அடங்கிய பிறகு, கேட்பது இது ஒன்றுதான்.

சரி, குறைந்த சூட்டிலேயே ராத்திரியை ஓட்டிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மெதுவாக எரிந்தால் உள்ளே கரி பிடிக்கும். பில் வந்ததே அதனால்தான். அவ்வப்போது முழு வேகத்தில் எரியவிட வேண்டும் என்கிறார்கள். நிறுத்திவிட்டு விடிகாலையில் மறுபடி போடலாம் என்றால், பற்றவைக்கும் நேரத்தில் மட்டும் 10 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி இறங்கியிருந்தால் சிவப்பு விளக்கைச் சிமிட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

ஆகவே தம்பி, வாங்காதே. மெத்தைக்கு அடியில் காற்றுப் புகும்படி வலை விரிப்பு, ஒரு நல்ல தூக்கப்பை, காலடியில் வெந்நீர்ப் பை, எப்போதும் திறந்திருக்கும் ஒரு காற்றுத் துவாரம் போதும். அப்படியானால் உங்களுடையதைக் கழற்றித் தருகிறீர்களா என்று மட்டும் கேட்காதே. ஜனவரியில் நியூட்டவுன் போகிறேன், அது எனக்கு வேண்டும்.