கிளினிக்குக்கு எதில் போவது: பஸ்ஸா, ஆட்டோவா, மோட்டார் சைக்கிளா, சைக்கிளா?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்டூரில் இருக்கிற எங்கள் மாமிக்குச் சீனி வருத்தமும் (நீரிழிவு) பிரஷரும். மாதத்துக்கு ஒருமுறை வாவியின் மறுகரையில், கிழக்கே கடலோரமான எழுவான்கரைப் பக்கம் கிளினிக். டொக்டர் பார்ப்பதும் இலவசம், மருந்தும் இலவசம். ஆனாலும் போன மாரியில் இரண்டு தரம் போகாமல் விட்டுவிட்டா. ஏன் மாமி என்று கேட்டேன். "ஆட்டோக்குக் குடுக்கிற காசுக்கு ஒரு கிழம கறி வாங்கலாம் மனே" என்றா. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் மாமி மேல் இல்லை.

எது வேகமாகப் போகும் என்று ஒப்பிடுவது சுலபம். யாரால் அதில் ஏற முடியும், ஏறிப் போனால் உடம்புக்கு நல்லதா கெட்டதா என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

ஆட்டோவில் போனால் வாசலிலிருந்து வாசலுக்குப் போகலாம். கால் ஏலாதவர்களுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் அதைவிட வசதி இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிளினிக் முடியும்வரை காத்து நிற்கவும் சேர்த்துத்தான் ஹயர் பேச வேண்டும். மாதாமாதம் அந்தக் காசைக் கொடுக்கக் கூடியவர்கள் படுவான்கரையில் எத்தனை பேர்? இலவச வைத்தியத்துக்கு வாசலில் டிக்கெட் வைத்த மாதிரித்தான் இது.

மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வீடு இருக்கிறது, சரி. ஓட்டுகிறவர் மகனோ மருமகனோ, அவர் அன்றைய கூலியை விட வேண்டும், அதுவும் வேளாண்மை வெட்டுக் காலத்தில் யாரைக் கேட்பது? 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியைக் காட்டி அளவாக எண்ணெய் எடுக்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர்தான் முதலில் கிடைத்தது, வேலைக்குப் போவதா அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போவதா என்று யோசித்த வீடுகள் அப்போது இருந்தன. அப்புறம் ஆபத்து. உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் வீதி விபத்தில் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதில் பாதிக்கு மேல் நடந்து போகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் கிளினிக் கொப்பிப் பையைப் பிடித்துக்கொண்டு போகிற வயதான அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

சைக்கிள் உடம்புக்கு மருந்து மாதிரி. வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான உடல் உழைப்பு வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்கிறது, சீனி வருத்தக்காரருக்கு அது இன்னும் முக்கியம். ஆனால் விடியப் புறப்பட்டால் யானைப் பயம், மணல் டிப்பர் பக்கத்தில் உரசிக்கொண்டு போகும், ஒதுங்க வீதியோரம் இல்லை. வீதியைக் காபட் (தார்) போட்டுத் தருகிறார்கள், வாகனம் வைத்திருப்பவருக்கு நேரம் மிச்சம். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர் போகும் விபத்துக்கான ஆபத்து ஏறக்குறைய 4 சதவீதம் கூடும் என்பது ஆய்வுக் கணக்கு. அந்தக் கூடுதல் ஆபத்து வீதியோரம் நடந்து போகிறவர் தலையில்தான் விழுகிறது. சைக்கிளுக்கென்று ஓரத்தில் ஒரு மீற்றர் விடாமல் காபட் போடுவதை நான் அபிவிருத்தி என்று சொல்ல மாட்டேன்.

கடைசியில் பஸ். செலவு குறைவு, மோட்டார் சைக்கிளைவிடப் பல மடங்கு பாதுகாப்பு, சந்திவரை நடப்பதே ஒரு உடற்பயிற்சி, யாருடைய தயவும் தேவையில்லை. எல்லாவற்றிலும் முன்னுக்கு நிற்க வேண்டியது இதுதான், ஆனால் மாமி பஸ்ஸில் போவதில்லை. நம்பர் எடுக்க விடியவே போய் நிற்க வேண்டும், அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. மருந்து எடுத்துக்கொண்டு வெளியே வர மதியம் தாண்டிவிடும், அதற்குள் திரும்பும் பஸ் போயிருக்கும். ஒருநாள் நானும் கூடப் போய், சாப்பிடாத ஒரு சீனி வருத்தக்காரரோடு தரிப்பிடத்தில் இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றிருக்கிறேன், மாமியின் கை நடுங்கியதை இன்னும் மறக்கவில்லை. பஸ் படியோ முழங்கால் உயரம்.

பாலம் வந்தால் எல்லாம் சரியாகும் என்பார்கள். ஜப்பானின் உதவியோடு கட்டிய மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்குப் பெரிய விடிவு வந்தது, வாவியைக் கடக்க ஆளையும் வாகனத்தையும் ஏற்றிப் போகும் மிதவையான 'பாதை'க்குக் காத்துக் கிடந்த காலத்தைக் கண்டவர்களுக்கு அது தெரியும். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் இன்னும் பாதைதான், காற்றும் வெள்ளமும் வந்தால் வெல்லாவெளி சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தால் போக வேண்டும். ஆகவே பாலம் வேண்டும். ஆனால் பஸ் ஓடாத பாலம் வாகனம் வைத்திருப்பவரின் பாலம்.

அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இருக்கிறது, காசு இல்லை, நல்ல சேவை. ஆனால் அது கிளினிக்குக்கு வராது. இரண்டு கிளினிக்கைத் தவறவிட்டு, சீனி ஏறி, காலில் பட்ட சின்னப் புண் ஆறாமல் விரலை எடுக்கிற நிலை வந்தபிறகு அம்புலன்ஸ் வருவதைவிட, அதற்கு முதல் ஒரு பஸ் வந்திருக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்காக அரசு மானியம் கொடுத்துச் சிசு செரிய பஸ் ஓட்டுகிறது. அதே மாதிரி கிளினிக் நாட்களுக்கு ஒரு பஸ்: விடிய மண்டூரில் எடுத்து, வெல்லாவெளியிலும் பெரியபோரதீவிலும் ஏற்றிக்கொண்டு போய், மருந்து கொடுக்கிற யன்னல் மூடும்வரை ஆஸ்பத்திரி வாசலில் நின்று, கடைசி ஆளையும் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குக் கொடுக்க இதை எழுதி வைத்திருக்கிறேன், முதல் கையெழுத்து மாமியுடையது.