கொழிஞ்சாம்பாறை போர்வெல் தண்ணீரும் ரெசின் சாஃப்ட்னரும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கேரளா என்றாலே எங்கும் நல்ல தண்ணீர் என்று நினைப்பவர்கள், பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வந்து போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் ஒரு வாளித் துணி துவைத்துப் பார்க்க வேண்டும். இது மழை மறைவுப் பகுதி. பாறைக்கடியிலிருந்து ஏறிவரும் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பு வேகாது. கெய்சர் காயிலில் வெள்ளையாகப் படிந்து இறுகும். எங்கள் தண்ணீரை லேபில் கொடுத்தபோது கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 500 மில்லிகிராம் வந்தது. ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தரநிலை குடிநீருக்கு ஏற்கும் அளவு 200. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. அதன் பிறகுதான் 25 லிட்டர் ரெசின் கொண்ட, தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னரை மேல் டேங்குக்குப் போகும் லைனில் மாட்டினோம்.

நிரப்பும்போது ரெசினைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தேன் நிறத்தில், ரவை போன்ற ஈரமான மணிகள்; பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்தான். அதன் உடம்பு முழுக்க சல்ஃபோனேட் என்ற எதிர்மின் முனைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு சோடியம் ஒட்டியிருக்கும். தண்ணீர் ஊடாகப் போகும்போது ஒரு கால்சியமோ மக்னீசியமோ இரண்டு முனைகளில் அமர்ந்துகொள்ள, இரண்டு சோடியம் தண்ணீரில் இறங்கிவிடும். சல்லடையாக வடிகட்டும் வேலையே இல்லை, நடப்பது முழுக்க இடமாற்றம். இந்தக் குணத்தை முதலில் மண்ணில்தான் பார்த்தார்கள். 1850இல் இங்கிலாந்தில் தாம்ப்சன், வே இருவரும் உரக் கரைசலை மண் வழியாக விட்டபோது, அம்மோனியா மண்ணில் தங்கிக் கால்சியம் வெளியே வந்தது. 1935இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்பவர்கள் செயற்கை ரெசினில் அதையே செய்து காட்டினார்கள்.

முனைகளெல்லாம் நிரம்பிவிட்டால் உப்புக் கரைசல் விட்டு மீட்க வேண்டும். ரெசினுக்குக் கால்சியத்தின் மேல்தான் பிடிப்பு அதிகம். ஆனாலும் சுமார் 10 சதவீத உப்புக் கரைசலில் சோடியம் அவ்வளவு நெரிசலாக இருப்பதால் கால்சியம் இடத்தை விட்டுக் கிளம்பிவிடும். கணக்கு எளிது. வீட்டு உபயோகத்தில் ஒரு லிட்டர் ரெசின் ஏறக்குறைய 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்று வைத்தால், 25 லிட்டருக்கு 1,250 கிராம். எங்கள் தண்ணீரில் 2,500 லிட்டர் ஓடியதும் மீட்க வேண்டும். லிட்டர் ரெசினுக்கு 150 கிராம் வீதம் ஒரு தடவைக்கு நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான உப்பு போகும். விற்பவர் எவ்வளவு லிட்டர் தரும் என்று சொன்னாலும், உங்கள் லேப் ரிப்போர்ட்டை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

இத்தனை வருடத்தில் எனக்குத் தெளிவானது, மெஷினின் ஆயுள் உப்பு ஊற்றும் கையில் இருக்கிறது என்பதே. முதலில் பேக்வாஷ். தண்ணீரைக் கீழிருந்து மேலே விட்டு ரெசின் படுக்கையைக் கிளப்பி, சிக்கிய தூசியை வெளியே தள்ள வேண்டும். அப்புறம் உப்புக் கரைசல், மெதுவாக, அரை மணி நேரமாவது. இங்கே அவசரப்பட்டால் பாதி உப்பு சும்மா சாக்கடைக்குப் போகும். கடைசியாக, வாயில் வைத்தால் கரிக்காத வரை அலச வேண்டும். கல்லுப்பு விலை குறைவு, ஆனால் மண்ணும், கால்சியம் உள்ள ஜிப்சமும் சேர்ந்தே வரும். தனித் தொட்டியில் கரைத்து, ஒரு இரவு தெளியவிட்டு, துணியில் வடிகட்டித்தான் ஊற்றுகிறேன். கட்டி பிடிக்காமலிருக்க மருந்து கலந்த பாக்கெட் தூள் உப்பு வேண்டாம். போரில் இரும்புச் சத்து இருந்தால் அதை முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். மணிகளில் அது படிந்துவிட்டால் உப்புக்கு அசையாது.

பக்கத்து வீட்டு அக்கா போன மாதம், கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரோடு வந்தார். "ஏனுங்க, மெஷின் போட்டும் மீட்டர்ல ஒண்ணுமே குறையலியே?" குறையாதுதான். 40 பங்கு கால்சியம் போன இடத்தில் 46 பங்கு சோடியம் வருவதால் மீட்டரில் பெரிய மாற்றம் தெரியாது. சாஃப்ட்னர் வேலை செய்வதைச் கடினத்தன்மையை அளக்கும் சொட்டு கிட்டில்தான் பார்க்க முடியும். கிட்டிலுள்ள பஃபரும், நிறம் காட்டும் இண்டிகேட்டரும் விட்டதும் கடினத் தண்ணீர் செக்கச் சிவக்கும், மென்மையான தண்ணீர் உடனே நீலமாகும். அக்காவின் கண்முன்னாலேயே இரண்டு குப்பியில் செய்து காட்டினேன். போர் தண்ணீர்க் குப்பியில், கிட்டிலுள்ள அளவுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்ட பிறகுதான் சிவப்பு நீலமானது.

வீட்டில் தெரிந்த மாற்றத்தை விளக்க வேண்டியதே இல்லை. சோப்பும் துணித் தூளும் நன்றாகக் குறைந்துவிட்டன, புதிதாக மாட்டிய கெய்சர் காயிலில் வெள்ளைப் படிவு இல்லை. குளித்த உடம்பு வழவழவென்று இருப்பது முதலில் சோப்பு போகாதது போலத் தோன்றும், பழகிவிடும்.

ஆனால் இதைச் சுத்திகரிப்பு என்று விற்பது எனக்குக் கோபம் வரவைக்கிறது. எங்கள் சித்தூர் தாலுகாவின் பல போர்களில் ஃப்ளோரைடு அதிகம். அது எதிர்மின் அயனி. நேர்மின் அயனிகளை மட்டுமே பிடிக்கும் இந்த ரெசின் அதைத் தொடாது. கிருமியையும் கொல்லாது. குடிக்கவும் சமைக்கவும் சாஃப்ட்னருக்குப் பிறகு ஆர்ஓ வைத்திருக்கிறோம். கடினத்தன்மை முன்னாலேயே போய்விடுவதால் ஆர்ஓவின் வடிகட்டிச் சவ்வான மெம்ப்ரேனும் சீக்கிரம் அடைப்பதில்லை. ஆர்ஓ இல்லாமல் நேரே குடித்தால், எங்கள் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 230 மில்லிகிராம் சோடியம் கூடுதலாக உடம்புக்குள் போகும். ரத்த அழுத்தக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இந்தத் தண்ணீர் ஆகாது. அதற்கு அயனிகள் எல்லாமே நீங்கிய டிஎம் தண்ணீர் வேண்டும். ஹைட்ரஜன் வடிவ ரெசினும் ஹைட்ராக்சைடு வடிவ ரெசினும் சேர்ந்து செய்யும் வேலை அது.

தோட்டத்துக்கும் கக்கூஸுக்கும் பைபாஸ் போட்டுப் போர் தண்ணீரையே விடுகிறோம். உப்பும் மிச்சம், கறிவேப்பிலைக்கும் நல்லது. மீட்கும்போது வெளியேறும் உப்புக் கழிவைச் செடிப் பக்கமோ கிணற்றுப் பக்கமோ விடாதீர்கள், தனிக் குழாய் போடுங்கள். லேப் ரிப்போர்ட்டில் கடினத்தன்மை 200க்குள் இருந்தால் இந்தச் செலவே உங்களுக்குத் தேவையில்லை.