எக்மேன் கிராப்: ஏரி வண்டலில் உலோகம் தேடுவோருக்கு இது போதுமா?

ஏரித் தண்ணீரை மட்டும் பாட்டிலில் பிடித்துச் சோதித்துவிட்டு "ஈயம் இல்லை, காட்மியம் இல்லை" என்று நிம்மதி அடையக்கூடாது. முலாம் பூசும் பட்டறையோ, பழைய பேட்டரி உருக்கும் இடமோ, எங்கிருந்து வந்தாலும் உலோகத்தின் பெரும்பகுதி களித்துகளிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்ட பின் அங்கே பாதரசம் தேடியவர்கள் ஏரியின் வண்டலையும் மீனையும் எடுத்துப் பார்த்தது இதனால்தான்.

அந்த வண்டலை அள்ள, பரிசலில் ஒருவரே தூக்கிப் போகக்கூடிய கருவி எக்மேன் கிராப். சுவீடன் விலங்கியலாளர் ஸ்வென் எக்மேன் 1911-இல் ஏரியடிப் பூச்சி புழுக்களை எண்ணுவதற்காக விவரித்த வடிவம் இது. உலோக ஆய்வுக்கென்று பிறந்த கருவி அல்ல என்பதை மறக்காமல் வாங்குங்கள்.

வழக்கமான அளவு 15 செ.மீ. நீள, அகல, உயரமுள்ள துருப்பிடிக்காத எஃகுப் பெட்டி. அடியில் ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கும் இரு தாடைகள், மேலே இரு மடிப்பு மூடிகள். இறங்கும்போது மூடி திறந்து தண்ணீருக்கு வழிவிடும்; கயிற்றில் நழுவவிடும் மெசஞ்சர் குண்டு தட்டியதும் தாடை மூடிக்கொள்ளும்.

கடையிலேயே மூன்று சோதனைகள் செய்யுங்கள். தாடையை மூடி, இரு உதடுகளுக்கு நடுவே காகிதத்தைச் செருகுங்கள். தாராளமாக நுழைந்தால் நுண்சேறு அவ்வழியே ஒழுகும், உலோகம் அதில்தான் அதிகம். மேல்மூடிகள் தடையில்லாமல் அசைகின்றனவா பாருங்கள். இறுகியிருந்தால் பெட்டிக்கு முன்னே தள்ளப்படும் தண்ணீர் மேல்படலத்தைக் கலைத்துவிடும். உடல் துத்தநாக முலாம் பூசியதா, பெயின்ட் அடித்ததா, கூடுதல் எடைக்கு ஈயக்கட்டி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எதற்கு ஆம் என்றாலும் வாங்காதீர்கள். உதிரி ஸ்பிரிங்கும் தாடைக் கம்பியும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், முதலில் தேய்வது அவைதான்.

மென்சேற்றில் இதன் வேலை அருமை. மணல், சரளை, வேர்ப்பின்னல் என்றால் பயனில்லை. நம் கண்மாய்களில் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். ஒரு சுள்ளி தாடையில் சிக்கினால் போதும், மேலே வருவதற்குள் பாதிச் சேறு கழுவிப் போயிருக்கும். மிச்சத்தைச் சோதித்தால் உண்மையைவிடக் குறைவான அளவுதான் கிடைக்கும். அப்படி வந்ததைத் தயங்காமல் கொட்டிவிட்டு, சில மீட்டர் தள்ளி மறுபடி போடுங்கள். மேல்மூடிவரை சேறு பிதுங்கி வந்தாலும் கொட்ட வேண்டியதுதான். பெட்டி அளவுக்கு மீறி அமிழ்ந்து மேல்படலத்தை இழந்திருக்கிறது.

கடைசி ஒரு மீட்டரை மெதுவாக இறக்குங்கள். பரிசல் நகர்ந்து கயிறு சாய்ந்தால் குண்டு வலுவாகத் தட்டாது, ஆகவே இரு பக்கமும் நங்கூரம் தேவை. இரண்டு மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் கயிற்றை விடக் கம்பில் பொருத்தும் வகை மேல். தாடையை இழுத்து மாட்டிய பிறகு உள்ளே விரல் நுழைக்கவே கூடாது.

மேலே வந்ததும் தேங்கிய தண்ணீரைக் கவிழ்க்காமல் சிலிகான் குழாயால் உறிஞ்சி எடுங்கள். அடுத்துச் செய்வதுதான் இந்தக் கருவியின் பெருங்குறையைச் சரிக்கட்டும். துருப்பிடிக்காத எஃகின் 304 ரகத்தில் சுமார் 18% குரோமியமும் 8% நிக்கலும் உண்டு. சுவரைத் தொட்ட சேற்றை எடுத்தால் ஏரியைப் பற்றிச் சொல்கிறதா, பெட்டியைப் பற்றிச் சொல்கிறதா என்ற சந்தேகம் தீராது. நாலாபுறமும் 2 செ.மீ. விட்டு, நடுவிலிருந்து மேல் 2 செ.மீ. மட்டும் பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். காய்ந்தால் அறுபது எழுபது கிராம் தேறும். அமிலத்தில் கரைக்க அரை கிராம் போதும் என்பதால் இது தாராளம். ஓர் இடத்தில் மூன்று முறை அள்ளிக் கலப்பது நல்லது.

மாதிரி வைக்கும் டப்பாக்களை 10% நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்துக் கழுவியிருக்க வேண்டும். பாதரசத்துக்குக் கண்ணாடிக் குப்பி. அந்த மாதிரியை 105 டிகிரி அடுப்பில் காயவைத்தால் பாதரசத்தின் ஒரு பகுதி ஆவியாகிவிடும், உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தும் உறைநிலை உலர்த்தலே (ஃப்ரீஸ் டிரையிங்) சரி. நுண்துகளைப் பிரிக்கும் 63 மைக்ரான் சல்லடை நைலானாக இருக்கட்டும். பித்தளைச் சல்லடை செம்பையும் துத்தநாகத்தையும் சேர்த்துவிடும்.

முடிவு வந்ததும் குடிநீர் வரம்போடு ஒப்பிடாதீர்கள். நன்னீர் வண்டலுக்கு 2000-இல் வெளியான ஒருமித்த வழிகாட்டி அளவுகள் இருக்கின்றன: உலர்ந்த கிலோவுக்கு ஈயம் 35.8 மி.கி., காட்மியம் 0.99, பாதரசம் 0.18. இதற்குக் கீழே அடிவாழ் உயிர்களுக்குத் தீங்கு வர வாய்ப்பு குறைவு. ஈயம் 128, காட்மியம் 4.98, பாதரசம் 1.06-ஐத் தாண்டினால் தீங்கை எதிர்பார்க்கலாம்.

எந்த மூலையில் மாசு குவிந்திருக்கிறது என்று தேடும் கல்லூரிக் குழுவுக்கும் ஏரி காக்கும் அமைப்புக்கும் இந்தக் கிராப் தாராளமாகப் போதும். மாசு எந்தப் பத்தாண்டில் வந்தது என்று அறிய இது உதவாது, அள்ளும்போதே அடுக்குகள் குலைந்துவிடும். அதற்குக் குழாய் வடிவ கோரர் வேண்டும். அடி மணலாக இருந்தால் கனமான வான் வீன் கிராப்பையே வாங்குங்கள்.