வேட்டித்துணியா, பட்டன் டயப்பரா, மெடிக்கல் டயப்பரா? ரெண்டு ஊரு தண்ணில அலசிப் பாத்த கதை

என் பொண்ணுக்கு இப்ப ஒண்ணே முக்கால் வயசு. பொறந்ததுலேர்ந்து அவ இடுப்புல மூணு வகை மாறி மாறி இருந்துருக்கு. எங்கப்பாவோட பழைய வேட்டியக் கிழிச்ச துணி, ஆன்லைன்ல வாங்குன பட்டன் வச்ச துணி டயப்பர், அப்புறம் மெடிக்கல்ல கிடைக்கிற யூஸ் அண்ட் த்ரோ. மூணுலயும் நனைஞ்சு எந்திரிச்சவ நான், அந்தத் தகுதில தான் எழுதுறேன். இன்னொரு தகுதியும் இருக்கு, பொறந்த வீடு கும்பகோணம் பக்கம், வாழ்க்கைப்பட்டது வேதாரண்யம் பக்கம். ரெண்டும் டெல்டா தான், ஆனா அங்க தண்ணி வேற இங்க தண்ணி வேற. துணி டயப்பர் வாங்கலாமான்னு யாராச்சும் கேட்டா நான் திருப்பிக் கேக்குற மொதல் கேள்வி, உங்க வீட்டு போர் தண்ணில சோப்பு நுரைக்குமாங்கறது தான்.

டெலிவரி முடிஞ்சு அஞ்சு மாசம் அம்மா வீடு. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கே ஒரு கூடை நெறைய வெள்ளைத் துணி மடிச்சு வச்சிருந்தாங்க அம்மா. அப்பாவோட நாலு முழ வேட்டி நாலு, ஒரு வேட்டிக்கு ஆறு சதுரம்னு வெட்டி ஓரம் மட்டும் மெஷின்ல அடிச்சது. பல வருஷம் துவைச்சுத் துவைச்சு நைஞ்ச வேட்டி, கன்னத்துல வச்சா பூ மாதிரி இருக்கும், ஈரத்தையும் சட்டுனு இழுத்துக்கும். இதே புதுக் காட்டன் வாங்குனீங்கன்னா அதுல இருக்குற மெழுகும் கஞ்சியும் போக நாலஞ்சு தடவ துவைச்சாகணும், இல்லன்னா தாமரை இலைல விட்ட தண்ணி மாதிரி உருண்டு வெளிய ஓடிரும். பட்டன் டயப்பரோட வர்ற காட்டன், மூங்கில் பேடுக்கும் இதே கணக்கு தான். வாங்குன அன்னிக்கே போட்டுப் பாத்துட்டு லீக் ஆகுதுன்னு தூக்கிப் போடுறவங்க நெறைய பேரு, அதுல நானும் ஒருத்தி, பாவம் அந்த டயப்பரு ஒரு மாசம் பீரோவுக்கு அடில கெடந்துச்சு.

வேட்டித்துணில என்ன கஷ்டம்னா ஒரு உச்சாவுக்கு ஒரு துணி. முக்கோணமா மடிச்சு இடுப்புல ஒரு முடிச்சு, அது நனைஞ்சா அவ சட்டை நனையும், சட்டை நனைஞ்சா என் நைட்டி நனையும். ஒரு நாளைக்கு இருபது துணி சாதாரணமாப் போவும். ஏணைல போட்டா கீழ சொட்டும், அதுக்கு அடில ஒரு சாக்கு. ஆனா நனைஞ்ச ஒடனே தெரிஞ்சுரும், ஒடனே மாத்திருவோம், அதனாலயே அந்த அஞ்சு மாசமும் தொடை இடுக்கு ஒரு நாள் கூட செவக்கல. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற புள்ளைக்கு கக்கா மஞ்சளா எளக்கமா இருக்கும், பைப்பத் தொறந்து காட்டுனாலே போயிரும், மஞ்சக் கறை நிக்கும், அத ஈரத்தோட மாடி வெயில்ல போட்டா வெயிலே தின்னுரும். அப்புறம் எங்க அப்பாயி ஒண்ணு செய்வாங்க, தூங்கி எந்திரிச்ச ஒடனே புள்ளைய ரெண்டு பாதத்துக்கு மேல ஒக்கார வச்சு உஸ்ஸுன்னு சத்தம் குடுப்பாங்க, மூணாவது மாசத்துலயே அவ கக்கா பாதிக்கு மேல அப்பாயி காலடில முடிஞ்சுரும். துணி மிச்சம். இத எந்த டயப்பர் கம்பெனியும் சொல்லித் தராது.

இப்ப பட்டன் டயப்பருக்கு வரேன். இதுல வெளிப்பக்கம் பியுஎல்னு சொல்ற லேமினேட் துணி, தண்ணிய வெளிய விடாது. உள்ள வைக்கிற பேடு தான் ஈரத்தப் புடிக்கும். பாக்கெட் மாதிரி உள்ள சொருகுற வகை இருக்கு, எல்லாம் சேத்துத் தச்ச ஆல் இன் ஒன் இருக்கு, வெறும் கவர் இருக்கு. பேடுல மைக்ரோஃபைபர் தான் மலிவு, வேகமாவும் இழுக்கும், ஆனா அதுக்கு ரெண்டு கெட்ட குணம். ஒண்ணு, நேரா தோல்ல படக்கூடாது, தோல் ஈரத்தையும் சேத்து உறிஞ்சி வறட்டிரும், அதனால பாக்கெட்டுக்குள்ள தான் வைக்கணும். ரெண்டாவது, அமுக்குனா ஸ்பாஞ்சு மாதிரி கக்கிரும். மூங்கில், காட்டன் எல்லாம் மெதுவா இழுக்கும், ஆனா இழுத்தத வுடாது.

இந்த ரெண்டாவது குணத்த நான் தெரிஞ்சுகிட்டது வைத்தீஸ்வரன் கோயிலுக்கு மொட்டை போடப் போன அன்னிக்கு. பட்டுப்புடவ, மயிலாடுதுறைலேர்ந்து பஸ்ஸு, நிக்க எடம் இல்ல, எப்புடியோ ஒரு ஓரத்துல ஒக்காந்து அவள மடில இறுக்கிப் புடிச்சிருக்கேன். ரெண்டு மைக்ரோஃபைபர் பேடு வச்சிருக்கு, நாலு மணி நேரம் தாங்கும்னு போட்டிருந்துச்சு. டிரைவர் ஒரு பிரேக் அடிச்சாரு பாருங்க, அவ என் மேல சாய, டயப்பர் அமுங்க, இளஞ்சூடா ஒண்ணு என் மடியெல்லாம் பரவுது. பட்டுப்புடவைல கிண்ணம் அளவுக்கு ஒரு வட்டம். பக்கத்துல இருந்த அம்மா பாத்துட்டு "மொட்டைக்கு முன்னாடியே அபிசேகம் ஆயிருச்சா"ன்னு சிரிக்கிறாங்க. நான் டயப்பரத் திட்டுனேன், தப்பு என்னவோ நான் சொருகுன பேடோடது.

அஞ்சு மாசம் முடிஞ்சு வேதாரண்யம் பக்கம் வந்தேன், இங்க தான் கதையே மாறுது. எங்க வீட்டு போர் தண்ணி உப்பு, அதுவும் கடினத் தண்ணி. வந்த ஒரே மாசத்துல அம்மா குடுத்து வுட்ட அந்தப் பூ மாதிரி வேட்டித்துணி அப்பளம் மாதிரி வெறைச்சுப் போச்சு. பட்டன் டயப்பர் பேடெல்லாம் காஞ்சா ஒரு வாசனையும் இல்ல, அவ உச்சா போன அடுத்த நிமிசம் மூக்கப் பொளக்குற அமோனியா நாத்தம். நான் சோப்பு பத்தலன்னு இன்னும் தேய்க்கிறேன், இன்னும் நாறுது. நடந்தது என்னன்னா தண்ணில இருக்குற கால்சியமும் மெக்னீசியமும் பார் சோப்போட சேந்து ஒரு பிசுக்கா மாறி நூலுக்குள்ள உக்காந்துரும், அது மேல மூத்திரம் போய் தங்கிரும், நான் தேய்க்கத் தேய்க்க பிசுக்கு தான் ஏறுது. அப்புறம் பார் சோப்ப நிறுத்திட்டு பவுடருக்கு மாறுனேன், கூட ஒரு ஸ்பூன் சலவை சோடா போட்டா தண்ணியோட கடினம் கொறையும், கடைசி அலசலுக்கு மட்டும் பைப்புல வர்ற கொள்ளிடம் தண்ணி ரெண்டு கொடம். அத்தைக்கு அதுல தான் வருத்தம். "குடிக்கிற தண்ணிய பீத்துணிக்கு ஊத்துறியேம்மா"ன்னாங்க. அவங்க சொல்றதும் ஞாயம், கொடம் வச்சு புடிச்சு வைக்கிற தண்ணி அது. கும்பகோணத்துல இந்தப் பேச்சே எழாது, மோட்டாரப் போட்டா நல்ல தண்ணி, கொல்லைல ரெண்டு அலசு, முடிஞ்சுச்சு.

துவைக்கிறதுல இன்னும் ரெண்டு மூணு. கம்ஃபர்ட் மாதிரி வாசனை லிக்விட் ஊத்தாதீங்க, நூலு மேல பூச்சு ஏறி உறிஞ்சாது. ஜிங்க் ஆக்சைடு கிரீம் தடவுனா நடுல ஒரு மெல்லிசு துணி போடுங்க, கிரீமும் அதே வேலைய தான் பண்ணும். லேமினேட் கவர வெந்நில கொதிக்க வைக்கக் கூடாது, வேட்டித்துணிய தாராளமா வைக்கலாம். பக்கெட்ல ரெண்டு நாள் ஊறப்போடுற பழக்கமும் வேணாம், எலாஸ்டிக் போயிரும், நாத்தமும் கொசுவும் தான் மிச்சம், அலசிட்டு காத்தாட ஒரு கூடைல போட்டு வச்சா போதும்.

காயுற விசயத்துல வேட்டித்துணிய எதுவும் அடிச்சுக்க முடியாது. பங்குனி வெயில்ல ஒத்தை மடிப்புத் துணி அரை மணி நேரத்துல மொறமொறன்னு ஆயிரும், நாலு அடுக்கு மூங்கில் பேடு சாயங்காலம் வரைக்கும் கெடக்கும், ஆல் இன் ஒன் அதுக்கும் மேல. ஐப்பசி கார்த்திகை வந்துச்சுன்னா வீடு முழுக்கக் கொடி தான், ஃபேனுக்கு அடில நாற்காலி மேல நாற்காலி போட்டு டயப்பர் காயும், பேடு ரெண்டு நாள் ஆனாலும் நடுல ஈரம் இருக்கும். அரைகொறை ஈரத்தோட போட்டா தான் புள்ளைக்கு செவப்பா திட்டு திட்டா பூஞ்சை வரும், மழைல அவளுக்கு அது ஒரு தடவ ஆச்சு, டாக்டர் களிம்பு குடுத்தாரு, துணிய நல்லா காய வச்சு போடச் சொன்னாரு, எங்க காய வைக்கிறது. அந்த ரெண்டு மாசம் கௌரவம் பாக்காம மெடிக்கல் டயப்பர் தான்.

அந்த மெடிக்கல் டயப்பர நான் திட்ட மாட்டேன். ராத்திரி பத்து மணிக்குப் போட்டா காலைல வரைக்கும் தூங்குறா, நானும் தூங்குறேன், இதுக்கு வெலையே கெடையாது. உள்ள இருக்குற குருணை மாதிரி ஜெல்லு, சோடியம் பாலிஅக்ரிலேட்டு, தன் எடைய விட பல மடங்கு ஈரத்தப் புடிச்சுக்கும், அமுக்குனாலும் வெளிய வராது, பஸ்ஸுல என் பட்டுப்புடவைய அது காப்பாத்திருக்கும். வயித்தால போறப்பவும் இது தான் சரி. காசு தான் இடிக்கும். நான் வாங்குறது ஒண்ணு சுமார் 12 ரூபா, நாளைக்கு அஞ்சுன்னா மாசம் 1800. நாலு கவரு நான் வாங்குனது மொத்தமா 1400, வேட்டி சும்மா வந்தது. பவுடர், கரண்ட், முதுகுவலி இதெல்லாம் இந்தக் கணக்குல வராது.

ஆனா போட்டு முடிச்சதும் எங்க போடுறதுங்கறது தான் கிராமத்துல பெரிய கேள்வி. 2016ஆம் வருசத்து திடக்கழிவு விதி, 2026ல புது விதி வர்ற வரைக்கும், டயப்பர பேப்பர்லயோ கம்பெனி குடுக்குற பையிலயோ சுத்தி மக்காத குப்பையோட போடணும்னு சொல்லுச்சு. வண்டி வர்ற தெருவுக்கு அது சரி. எங்க தெருவுக்கு வண்டி வர்றது அது இஷ்டம். சில பேரு கொளுத்துறாங்க, ஈரம் புடிச்ச டயப்பர் எரியாது, பொகையும், பிளாஸ்டிக் நாத்தம் தெரு முழுக்க. மிச்சப் பேரு வாய்க்கால். மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறந்து அது கடைமடைக்கு வந்து சேருறதுக்கு முன்னாடி எங்க வாய்க்கால் மதகுல சேத்த வாருனாங்க, நான் புள்ளைய இடுப்புல வச்சுகிட்டு வேடிக்க பாத்துகிட்டு நிக்கிறேன். மம்பட்டில மொதல்ல வந்தது ஆகாயத்தாமரை, அதுக்கு அடில வெள்ளையா ஊதிப் போன டயப்பர், ஒண்ணு ரெண்டு இல்ல, தலகாணி தலகாணியா. ஒண்ணு கிழிஞ்சு ஜவ்வரிசி மாதிரி ஜெல்லு வழியுது. வாருனவரு என்னையும் பாத்தாரு, என் புள்ள இடுப்பையும் பாத்தாரு. நல்லவேளை அன்னிக்கு வேட்டித்துணி.

ஸ்டாக் விசயமும் ஒண்ணு இருக்கு. 2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யத்துல கரையேறுனப்ப என் ஓரகத்தி பையனுக்கு நாலு மாசம். கரண்ட் வர வாரக்கணக்கா ஆச்சு, கடையில டயப்பர் இல்ல, அடிபம்பு மட்டும் இருந்துச்சு. மாமாவோட வேட்டிய அவரு கிட்ட கேக்காமயே கிழிச்சேன்னு இப்பவும் சொல்லிச் சிரிப்பாங்க அக்கா.

வெளியூர் போறதுக்கு வருவோம். வெறும் வேட்டித்துணி முடிச்சு பயணத்துக்கு ஆகாது. முழுக்க பட்டன் டயப்பர்னு வீராப்பா கெளம்புனா பையே அதுக்குத் தான் சரியா இருக்கும். கும்பகோணத்துலேர்ந்து சோழன் எக்ஸ்பிரஸ்ல எழும்பூர் வரைக்கும் போயி நாலஞ்சு தடவ சோதிச்சுப் பாத்து நான் வந்து நின்ன கணக்கு இது: ரெண்டு கவரு, நாலா மடிச்ச வேட்டித்துணி ஆறு, மூங்கில் பேடு ரெண்டு, மெடிக்கல் டயப்பர் ரெண்டு, ஜிப்பு வச்ச வாட்டர் ப்ரூஃப் பை ஒண்ணு. கவருக்கு நடுல வேட்டித்துணிய வச்சா அது தான் பேடு, நனைஞ்சா துணிய மட்டும் உருவிட்டு வேற வைக்கலாம், கவரு காலு ஓரம் நனையலன்னா அப்புடியே தொடரலாம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ சீட்லயே மாத்திரலாம். மிச்ச வேட்டித்துணி வாய் தொடைக்க, ஜன்னல் வெயிலுக்குத் திரை கட்ட, பால் குடுக்குறப்ப மூடிக்க. ஜிப்பு பைய மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, நான் மொதல் தடவ ஜவுளிக்கடை கேரி பேக்ல கட்டி வச்சு, விழுப்புரம் தாண்டுறதுக்குள்ள எதுர் சீட்டுக்காரரு எந்திரிச்சு கதவுகிட்ட போயிட்டாரு. ரயில் வாஷ் பேசின்ல அலசவும் அலசாதீங்க, மத்தவங்க மூஞ்சி கழுவுற எடம்.

சோறு ஊட்ட ஆரம்பிச்சப்புறம் கக்கா கெட்டியாயிரும், வெளியூர்ல அத அலசுறது பெரும்பாடு, அதனால எந்திரிச்ச ஒடனே அப்பாயி முறைல ஒரு தடவ ஒக்கார வச்சிட்டு அப்புறம் தான் கெளம்புறது. தங்குற எடத்துல மொட்டை மாடி, கொடி இல்லன்னு முன்னாடியே தெரிஞ்சா ரெண்டாவது நாள்லேர்ந்து மெடிக்கல் டயப்பர் தான், ஈரத்துணிய சொமந்துகிட்டு ஊர் சுத்துறது நமக்கு எதுக்கு.

இப்ப நாத்தனாருக்கு ஐப்பசில தேதி குடுத்துருக்காங்க, மொதப் பிரசவம், இங்க எங்க வீட்ல தான். "அண்ணி, பன்னெண்டு ஆல் இன் ஒன் கார்ட்ல போட்டு வச்சிருக்கேன், வாங்கிறவா"ன்னு போன வாரம் போன். உப்புத்தண்ணி, அடைமழை, காயாத ஆல் இன் ஒன், மூணும் ஒரே வீட்ல. வாங்காத, கார்ட்லேர்ந்து தூக்கிரு தாயின்னேன். என் கவரு நாலும் எலாஸ்டிக் நல்லா தான் இருக்கு, அப்பா கிட்ட சொல்லி இன்னும் மூணு வேட்டி வாங்கி வச்சிருக்கேன், கார்த்திகை வரைக்கும் ராத்திரிக்கும் மழை நாளுக்கும் நியூபார்ன் சைஸ் பாக்கெட், தைல கொடி போட்டுக்கலாம். என்னோட மைக்ரோஃபைபர் பேடெல்லாம் கேட்டா, அவ அண்ணன் பைக்கத் தொடைக்க எடுத்துட்டுப் போயிட்டாரு, தண்ணிய நல்லா இழுக்குதாம்.